இசைந்த 'நான்', மறுத்த 'நான்': தமிழில் அடிமைத் தன்வரலாறு குறித்த ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

அடிமைகளாயிருந்தோர் எழுதிய தன்வரலாறு தனித்ததோர் இலக்கிய வகையாக அட்லாண்டிக் கரைகளில் வளர்ந்தது. தமிழகத்தில் அடிமை முறைக்குக் கல்வெட்டும் ஓலையும் சான்றாக இருந்தும் அவ்வகை தோன்றவில்லை. இதற்கு எழுத்தறிவின்மை மட்டுமே காரணமாகக் கூறப்படுகிறது. தமிழில் அடிமையின் தன்மைக்கூற்று முன்னரே இரண்டு வடிவங்களில் நிலைபெற்றிருந்தது என்றும், அவ்விரண்டும் இசைவின் மொழியில் அமைந்தவை என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. விற்பனை ஓலை, திருவரங்கத்து வைணவ மரபு, வீரம்மாவின் வாழ்க்கைக் கதை, பாமாவின் 'கருக்கு' ஆகியவை இதற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அடிமை, ஆளோலை, இசைவுத்தீட்டு, பண்ணையாள், தன்வரலாறு, வீரம்மா.

முன்னுரை

1845இல் பிரெடரிக் டக்ளஸின் தன்வரலாறு பாஸ்டன் நகரில் வெளிவந்தது. அதைத் தாமே எழுதியதாக நூலின் தலைப்பிலேயே அவர் குறித்தார். அதற்கு ஈராண்டு முன்னர், 1843இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதியில் ஐந்தாம் சட்டம் நடைமுறைக்கு வந்து, அடிமையுடைமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடைசெய்தது. காவிரியின் இரு கரைகளிலும் நன்செய்யில் உழைத்த பள்ளர், பறையர் குடியினர் பலர் அச்சட்டத்தின் வரம்புக்குள் வந்தனர். திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலிருந்து பார்த்தால் தெரியும் வயல்களில் அவர்கள் உழைத்தார்கள். அவர்களுள் ஒருவர் தம் கதையைத் தாமே எழுதினார் என்பதற்குத் தமிழிலக்கிய வரலாறுகளில் சான்றில்லை.

இந்த இன்மையை ஆய்வுலகம் இரு வகையாகக் கடந்து செல்கிறது. தமிழகத்து அடிமை முறை அமெரிக்க அடிமை முறையைப் போன்று கொடியதன்று, ஆகவே அத்தகைய இலக்கியத்துக்குத் தேவை எழவில்லை என்பது ஒரு வகை. 1990களுக்குப் பின் வந்த தலித் தன்வரலாறுகள் அனைத்தையும் 'அடிமைக் கதையாடல்' என்னும் பெயரின்கீழ் வைத்து இடத்தை நிரப்பிவிடுவது மற்றொரு வகை. முன்னது வரலாற்றுக்குப் பொருந்தாது. பின்னது வசதியானது, எனினும் கேள்வியையே மறைத்துவிடுகிறது. தீண்டாமையும் அடிமை முறையும் ஒன்றையொன்று தாங்கி நின்றவை. அதனால் அவை ஒன்றாகிவிடா. ஒருவரை விற்கலாம், ஒற்றி வைக்கலாம், சீதனமாகத் தரலாம் என்னும் நிலைக்குத் தனி மொழியும் தனி ஆவணமும் இருந்தன. அந்த ஆவணங்களிலிருந்தே வாசிப்பைத் தொடங்க வேண்டும்.

உறையும் செய்தியும்

அட்லாண்டிக் மரபு நமக்கு அளவுகோலாகுமா என்பதை முதலில் பார்க்கலாம். ஒலாதா ஈக்வியானோ (1789), மேரி பிரின்ஸ் (1831), டக்ளஸ் (1845), சாலமன் நார்த்தப் (1853), ஹேரியட் ஜேக்கப்ஸ் (1861) ஆகியோரின் நூல்கள் சுதந்திரக் குரலின் நேரடி வெளிப்பாடுகளாகப் போற்றப்படுகின்றன. ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் தனியே வந்ததில்லை. முன்னுரை, நற்சான்று, பதிப்பாசிரியர் குறிப்பு, விற்பனைச் சீட்டின் படி ஆகியவை சூழவே அவை வாசகரை அடைந்தன. மேரி பிரின்ஸ் சொல்ல, சூசன்னா ஸ்டிரிக்லண்ட் எழுதினார். அடிமை ஒழிப்புச் சங்கத்தின் செயலராயிருந்த தாமஸ் பிரிங்கிள் பதிப்பித்து, பின்னிணைப்பும் சேர்த்தார். ஜேக்கப்ஸின் நூலை ஜேக்கப்ஸே எழுதினார் என்பது ஜீன் பேகன் யெலினின் ஆய்வுகளால் 1980களிலேதான் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. இந்நிலையைக் கறுப்புச் செய்தி வெள்ளை உறைக்குள் அனுப்பப்பட்டது என்னும் உருவகத்தால் ஜான் செக்கோரா 1987இல் விளக்கினார்.

அங்கு உறை இருந்தது. அச்சகம், சங்கம், சந்தாதாரர், மேடை ஆகியவையும், வாங்கிப் படித்துக் கண்ணீர் சிந்தும் வாசகரும் இருந்தனர். எழுத்தறிந்த அடிமைகள் இருந்தமையால் மட்டும் அந்த இலக்கியம் பிறக்கவில்லை. அவர்களுடைய 'நான்' தேவைப்பட்ட ஓர் அரசியலும் இருந்தது. மேரி பிரின்ஸ் எழுதவில்லை, சொன்னார், அது நூலாயிற்று. ஆகவே தமிழகத்தில் எழுத்தறிவு இல்லாமையே காரணம் என்னும் விளக்கம் பாதி விளக்கமேயாகும்.

ஓலையில் 'நான்'

ஆ. சிவசுப்பிரமணியனின் அடிமை முறை குறித்த நூல் இத்துறையில் அடிப்படையானது. கல்வெட்டுகளையும் ஓலை ஆவணங்களையும் திரட்டி, அடிமை முறை தமிழகத்தில் இருந்ததா என்னும் வாதத்துக்கே அவர் முற்றுப்புள்ளி வைத்தார். அவர் அந்த ஆவணங்களைச் சமூக வரலாற்றுச் சான்றாகக் கொண்டார். அவற்றைக் கூற்றுகளாக, அதாவது எவரோ ஒருவர் எவரிடமோ பேசும் மொழியாக வாசிக்கும் பணி எஞ்சியுள்ளது.

சோழர் காலத்தில் ஆட்களை விற்ற ஆவணத்துக்கு 'ஆள்விலைப் பிரமாண இசைவுத்தீட்டு' என்று பெயர். இப்பெயரில் உள்ள 'இசைவு' என்னும் சொல் கவனத்துக்குரியது. விற்பவன் இசைகிறான், சில வேளைகளில் விற்கப்படுபவரும் விற்பவரும் ஒருவரே. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துத் திருப்பாம்புரம் கல்வெட்டு (1201) இவ்வகையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சகாலத்தில் ஒரு வேளாளர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். மூன்று உயிர்களின் பசியும், அந்தப் பெண்கள் அதைப் பற்றி நினைத்தவையும் ஆவணத்துக்கு வேண்டியவையல்ல. ஆயினும் விலையோடு நெல் விலையும் அங்கே பதிவாகியுள்ளது. ஏன் விற்றார் என்பதைச் சொல்லாமல் அந்த விற்பனையை எழுத இயலவில்லை. தன்வரலாற்றின் விதை என ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின், அந்த நெல் விலையையே இக்கட்டுரை சுட்டும்.

ஆவணத்தின் இறுதியில் கையெழுத்து வருகிறது. எழுதத் தெரியாதவர் இட்ட குறிக்குத் 'தற்குறி' என்று பெயர். தான் இட்ட குறி, தன்னைக் குறிக்கும் குறி என்று இருவகையிலும் அதற்குப் பொருள் கொள்ளலாம். இன்று அச்சொல் அறிவற்றவரை இகழும் வசைச்சொல்லாகிவிட்டது. 'கைநாட்டு' என்பதற்கும் அதே கதிதான். எழுத்தறியாதவர் ஆவணத்தில் தம்மை நிறுத்த ஒரே வழியாக இருந்த குறியைத் தமிழ் ஏளனமாக மாற்றிக்கொண்டது, மொழி வரலாற்றில் சிறிய செய்தியன்று.

ஆவண மொழியின் இலக்கிய வடிவைச் சேக்கிழாரிடம் காணலாம். பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட படலம் ஒரு வழக்கு விசாரணை. திருமணப் பந்தலில் நுழையும் முதியவர், மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். அந்தணர் பிறிதோர் அந்தணர்க்கு அடிமையாதல் உண்டோ என மணமகன் மறுக்கிறார். ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை, மூலம் தம்மிடம் உள்ளது என்கிறார் முதியவர். வெண்ணெய்நல்லூர் அவையில் பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்பிடப்படுகிறது. தீர்ப்பு முதியவர் பக்கம் செல்கிறது. படலத்தில் ஆளோலையின் வாசகத்தையே சேக்கிழார் செய்யுளாக்கித் தருகிறார். பாட்டன் தன்மைக்கூற்றில் எழுதிய இசைவு, பிறவாத பேரனையும் பிணைக்கிறது.

பக்தி நோக்கில் இப்படலம் அருளின் கதை. வழக்கு நோக்கில், 12ஆம் நூற்றாண்டு வாசகர் நன்கறிந்திருந்த ஒரு நடைமுறையின் துல்லியமான சித்திரம். சுந்தரரின் மறுப்பு இடம்பெறுவது படலத்தின் முன்பாதியில் மட்டும். தமிழ்க் காப்பியத்தில் அடிமையெனக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் 'நான் அடிமையல்லேன்' என வாதாடும் அரிய இடம் அது. அவர் தோற்கிறார், தோல்வியே பேறாகிறது. மறுத்த 'நான்' இசைந்த 'நான்' ஆனபின்னரே பாடத் தொடங்குகிறது. அட்லாண்டிக் மரபில் இந்த வரிசை நேர்மாறானது.

திருவரங்கத்தில் 'அடிமை'

இசைந்த 'நான்' மிக விரிவாகப் பேசிய ஊர் திருவரங்கம். தம்மை 'அடியேன்' என்று சுட்டிக்கொள்வோர் அதன் வீதிகளில் இன்றும் உண்டு. அவர்களுள் எவரும் தம்மை விலைக்கு வாங்கப்பட்டவராகக் கருதுவதில்லை. திருவரங்கத்தில் நந்தவனம் வைத்துத் தொண்டு செய்த ஆழ்வாரின் பெயரே தொண்டரின் அடிப்பொடி என்பது. பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசன பூஷணம் முதலான நூல்களில் சேஷத்துவம், பாரதந்திரியம் என்னும் கருத்துகள் நுட்பமாக விளக்கம் பெறுகின்றன. உடையவன் தன் உடைமையைத் தன் விருப்பப்படி பயன்கொள்வான். உயிர் அவ்வாறு இறைவனுக்கு உடைமை. சட்ட நூலார் அடிமைக்குச் சொன்ன இலக்கணத்திலிருந்து இது வெகு தொலைவில் இல்லை.

சடங்கிலும் ஒப்புமை தொடர்கிறது. பஞ்ச சம்ஸ்காரத்தில் சங்கு சக்கர இலச்சினை சூடாகத் தோளில் பொறிக்கப்படுகிறது. 'தாசன்' என முடியும் புதுப்பெயர் தரப்படுகிறது. கோயிலுக்கு விற்கப்பட்ட அடிமைகளுக்கும் இலச்சினை பொறிக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சிவன்கோயில் அடிமைக்குச் சூலக்குறி. சூட்டுக்குறியும் பெயர் மாற்றமும் உலகெங்கும் அடிமைப்படுத்துதலின் அடையாளங்கள் என்று ஆர்லாண்டோ பேட்டர்சன் தம் ஒப்பியல் நூலில் (1982) விரிவாகக் காட்டியுள்ளார். ஒரே குறி ஒருவருக்குப் பேறு, மற்றொருவருக்கு உடைமைச் சான்று. முன்னவர் அதைக் கேட்டுப் பெற்றார்.

பக்தியின் அடிமை மொழி உலகியல் அடிமைத்தனத்துக்கு மூடுதிரையே என முடிவு கட்டுவது எளிது. இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. இறைவனுக்கு மட்டுமே அடிமை என்பவர் வேறெவர்க்கும் அடிமையல்லர். பல்லவ மன்னனின் அழைப்பை நாவுக்கரசர் மறுத்தது இந்த அடிப்படையில்தான். உறையூரைச் சார்ந்த திருப்பாணாழ்வார் லோகசாரங்க முனிவரின் தோள்மீது அரங்கனின் கருவறைக்குச் சென்றதாகக் குருபரம்பரை சொல்கிறது. அவ்வூரினரான உறங்காவில்லி தாசரை இராமானுசர் தம் அணுக்கராகக் கொண்டதும் அம்மரபிலேதான் பேசப்படுகிறது. எல்லாரும் அடிமை என்னும்போது உயர்வுதாழ்வு ஆட்டங்காணும் இடம் உண்டு.

ஆனால் வேறொரு விளைவும் இருந்தது. அடிமை, ஆள், தொண்டு, ஆண்டவன், உடையவர் எனச் சொற்கள் அனைத்தும் இசைவின் இனிமையால் நிரம்பிவிட்ட மொழியில், விற்கப்பட்ட ஒருவர் தம் நிலையைக் குற்றச்சாட்டாகச் சொல்ல எந்தச் சொல்லை எடுப்பார்? பண்ணையாள் தம் எசமானை அழைத்த 'ஆண்டே' என்னும் விளி, கோயிலில் ஒலிக்கும் 'ஆண்டவா' என்பதற்கு உறவு. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் இந்தச் சிக்கலில் துணிந்து கை வைத்தது. சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் என்னும் பண்ணையாரை அவர் படைத்தார். நந்தன் தில்லைக்குச் செல்ல அவரிடம் உத்தரவு கேட்கிறான். இரண்டு ஆண்டைகளுக்கிடையே ஓர் அடிமை நிற்கும் காட்சி அது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் அடிமைத் தன்வரலாற்றுக்கு மிக அருகில் வந்த எழுத்து இதுவே என்பது என் கருத்து. பாடியவர் அடிமையாயிருந்தவர் அல்லர் என்னும் தடையோடு இதைச் சொல்கிறேன்.

ஓசையில்லாத விடுதலை

1819இல் சென்னை வருவாய் வாரியம் அடிமை முறை பற்றி ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டது. திருச்சிராப்பள்ளி ஆட்சியரும் மறுமொழி அனுப்பினார். அடிமை நிலத்தோடு மட்டும் விற்கப்படுவாரா, நிலமின்றியும் விற்கப்படுவாரா, வேலை கைவிட்டுப்போனால் நிலவரி குறையுமா என்பவை அவ்வறிக்கைகளின் கவலைகள். பண்ணையாள் ஒருவரின் கூற்று கேட்டுப் பதிவு செய்யப்படும் இடம் அந்தக் கடிதப் போக்குவரத்தில் இல்லை.

1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஒழிப்புச் சட்டம் கம்பெனியின் ஆட்சிப் பகுதியை விலக்கியது. மேற்கிந்தியத் தீவுகளில் உடைமையாளர்க்கு 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கப்பட்டது. இழப்பீடு தருவதற்காக அடிமைகளின் பட்டியல், மதிப்பு, உடைமையாளர் பெயர் அனைத்தும் எழுதப்பட்டன. 1843 சட்டத்தில் இவை எவையும் இல்லை. அடிமையென்னும் உரிமையை நீதிமன்றம் செயற்படுத்தாது என்பதோடு அது அமைதியுற்றது. அடிமையாக ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தால். விடுதலை நாள் என்று எவரும் நினைவில் வைத்திருக்க ஒரு நாள் இல்லை. 'அன்று' என்று தொடங்க ஒரு நாளில்லாதவர் தன்வரலாற்றை எங்கே தொடங்குவார்? டக்ளஸின் கதையும் ஜேக்கப்ஸின் கதையும் ஒரு தப்பித்தலால் முன், பின் எனப் பிளவுபட்டவை. அந்தப் பிளவுதான் அவற்றுக்குக் கதைக்கட்டு. காவிரிக் கரையில் அடிமை பண்ணையாள் ஆனார். வயல் மாறவில்லை, ஆண்டையும் மாறவில்லை. கடன் ஓலை அடிமை ஓலையின் இடத்தைப் பிடித்தது.

வீரம்மாவின் சிரிப்பு

இந்தப் பின்னணியில் வீரம்மாவின் வாழ்க்கைக் கதையை வாசிக்கலாம். புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள கரணி என்று நூலில் பெயரிடப்பட்ட ஊரில் பண்ணையார் வீட்டோடு பிணைந்த பறையர் குடும்பம் அவருடையது. விவசாயக் கூலி, மருத்துவச்சி, பாடகி. ஜோசியான் ரசீன் பல ஆண்டுகள் அவர் பேச்சைத் தமிழில் பதிவு செய்தார். ஜான்-லுக் ரசீனுடன் இணைந்து அது 1995இல் பிரெஞ்சிலும், 1997இல் ஆங்கிலத்திலும் நூலாயிற்று. பிரெஞ்சு நூலின் துணைத்தலைப்பு 'அடிமைப்படுத்தப்பட்டோரின் சிரிப்பு' எனப் பொருள்படும். ஆங்கிலப் பதிப்பில் அது நீங்கி, 'தீண்டத்தகாதவர் ஒருவரின் வாழ்க்கை' என்பது வந்தது. அடிமை நிலை பின்னுக்குப் போய்ச் சாதிநிலை முன்னுக்கு வந்த இம்மாற்றம் வாசிப்பையும் மாற்றியது. முன்னுரையில் சுட்டிய கலப்பு இங்கே தலைப்பிலேயே நிகழ்ந்துள்ளது.

வீரம்மா பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றார், மூவரே எஞ்சினர். மற்றவர் பிள்ளைகளைப் பூமிக்குக் கொண்டுவந்த கைகளுக்கு உரியவர் இதைச் சொல்லும்போது புலம்பலும் நகைப்பும் அடுத்தடுத்து வருகின்றன. பண்ணையாரைப் பற்றிப் பேசும்போது நன்றியும் அச்சமும் கிண்டலும் பிரிக்கமுடியாதபடி கலந்துள்ளன. இளைய தலைமுறையின் உரிமைப் பேச்சை அவர் ஐயத்தோடு கேட்கிறார். இந்நூலை எதிர்ப்பின் ஆவணமாக எதிர்பார்த்து வந்த வாசகர்க்கு இது ஏமாற்றம். சிலர் அவரது இசைவைப் பொய்ப்பிரக்ஞை என்று ஒதுக்கினர். பதிவு செய்தவர்கள் வெளியார் என்பதால் அவர் மனந்திறக்கவில்லை என்றும் கருதலாம். பின்னதற்கு ஒப்புமை உண்டு. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் 2,300க்கும் மேற்பட்ட முன்னாள் அடிமைகளிடம் நேர்காணல் பெற்றது. பேட்டி கண்டோர் பெரும்பாலும் வெள்ளையர். பழைய எசமானரைப் புகழும் கூற்றுகள் அவற்றில் மிகுதி. அக்கூற்றுகளை எந்த அளவு நம்பலாம் என வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் விவாதித்துள்ளனர்.

எனினும் வீரம்மாவின் இசைவை அவநம்பிக்கையால் மட்டும் விளக்கிவிட முடியாது. அவர் பேசும் மொழி, இசைவுத்தீட்டின் மொழிக்கும் 'ஆண்டே' என்னும் விளிக்கும் வாரிசு. அம்மொழிக்குள் இருந்தபடியே அவர் செய்வது, ஆவணம் ஒருபோதும் அனுமதிக்காத ஒன்று: அளவுக்கு மீறிப் பேசுகிறார். விலை, கடன், வேலை என்பதோடு நில்லாமல் பாட்டு, பேய், உடலுறவு, பிள்ளைப்பேறு, கோபம் எனப் பெருகுகிறது பேச்சு. திருப்பாம்புரத்தில் நெல் விலையாக ஒரு வரியில் கசிந்தது இங்கே முழு நூலாகிறது. அவர் தம்மை அடக்கியவர்களை மறுக்கவில்லை. தம்மை ஓர் ஓலையின் அளவுக்குச் சுருக்குவதை மறுக்கிறார். இந்த மறுப்பை அளக்க டக்ளஸின் அளவுகோல் உதவாது.

பாமாவின் 'கருக்கு' (1992) இதற்கு அடுத்த நிலை. எழுதுபவர் கற்றவர், ஆசிரியர், துறவு மடத்தை விட்டு வெளியேறியவர். வெளியேற்றம் கதையைப் பிளக்கிறது. அந்த அளவில் அட்லாண்டிக் வகையின் கட்டமைப்பு இதில் உண்டு. ஆனால் நூலின் உள்ளே அவர் பாட்டி இருக்கிறார். நாயக்கர் வீட்டில் வேலை செய்து, உயரத்திலிருந்து ஊற்றப்பட்ட நீரைக் குடித்து, எஞ்சிய சோற்றை வாங்கி வந்தவர். அது தவறென்று பேத்தி சொல்லும்போது, அவர்களே நமக்கு மகராசர்கள் என்னும் பொருளில் பாட்டி மறுமொழி தருகிறார். பேத்தி அதைத் திருத்தாமல், விளக்கம் சொல்லி மழுப்பாமல் எழுதிவைக்கிறார். இசைந்த 'நான்' மறுத்த 'நான்' எழுதிய நூலுக்குள் தன் சொற்களிலேயே நிற்கிறது. இங்கு உறை வெள்ளையர் தந்ததன்று, பேத்தி தந்தது. தலித் தன்வரலாறுகள் அனைத்தையும் ஒரே பெயரில் அடக்கும் ஆய்வேடுகள் தவறவிடும் நுட்பம் இதுவே. 'கருக்கு' அடிமையாயிருந்தவரின் தன்வரலாறு அன்று. அடிமைநிலையின் இறுதித் தலைமுறையைத் தன்னுள் ஏந்திய தன்வரலாறு.

வாக்குமூலம்

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தபின் தமிழில் புதியதொரு தன்மைக்கூற்று உருவாகியுள்ளது. இலக்கிய ஆய்வு அதை இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை. செங்கற்சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ மீட்கப்பட்டவர் கோட்டாட்சியர் முன் சொல்வது எழுதப்படுகிறது. அதன் அடிப்படையில் விடுதலைச் சான்றிதழ் தரப்படுகிறது. முன்பணம் எவ்வளவு, யார் வாங்கினார், கூலி என்ன, வெளியே செல்ல விட்டார்களா என்னும் வினாக்களுக்கு விடையாக அக்கூற்று அமைகிறது. கடன் கொத்தடிமைக் கடனன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சட்டம் கடன் கொடுத்தவர்மீது வைத்துள்ளது. ஆயினும் விசாரணையில் சொல்லுக்கு உறுதி தேடும் சுமை பெரும்பாலும் சொல்பவர்மீதே விழுகிறது. மேரி பிரின்ஸைச் சூழ்ந்த நற்சான்றுகளின் உறவினம் இது.

அவ்வாக்குமூலங்களின் 'நான்' சட்டத்துக்கு ஏற்ற அளவில் வெட்டப்பட்டது. அதில் இரண்டு வகைத் தொடர்களைப் பிரித்துக் காண வேண்டும்: வினாவுக்கு விடையான தொடர், வினாவைக் கடந்து வந்துவிட்ட தொடர். பின்னது எழுத்தரின் பேனாவைத் தப்பிக் கோப்பில் தங்கிய இடங்கள் எங்கெங்கே என்று தேடுவதே இலக்கிய மாணவர் செய்யத்தக்க பணி. அரசுக் கோப்புகளுக்குப் பாதுகாப்புக் காலவரம்பு உண்டு; அது முடிந்தால் அழிக்கப்படும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் ஓலைச்சுவடிகளைப் படியெடுக்கக் கொண்டுள்ள பயிற்சியை இக்கோப்புகளுக்கும் நீட்டலாம். சொன்னவரின் பெயரை மறைப்பது, அவரது ஒப்புதலை மீண்டும் பெறுவது, அதையும் அவர் கைரேகையாகத்தான் இடுவார் எனில் அந்தத் தாளை அவருக்கு முழுமையாக வாசித்துக் காட்டுவது ஆகிய நெறிகளை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும்.